அக்காவின் அழிறப்பர்

அக்காவின் கொம்பாஸ் பெட்டியை நினைத்தால் அதிலிருந்த அழிறப்பர்தான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. தேய்ந்து தேய்ந்து புளியங்கொட்டை அளவுக்கு வந்திருந்தது. நான் கணக்கில் மட்டம். எட்டாம் வகுப்போடு படிப்பும் நின்றது. அக்கா அப்படியல்ல. விடை வந்ததும் பென்சிலை வைத்துவிட்டு, "உது நடக்கிற காரியமோ?" என்று தன்னையே கேட்பாள். நடக்காது என்று பட்டால் முழுவதையும் அழித்துவிடுவாள்.

ஒரு தவணைப் பரீட்சையில் கிணற்றின் ஆழம் காணச் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்குப் பதினெட்டு மீற்றர் வந்தது. எங்கள் தீவுக் கிராமமான கரம்பொனில் அவ்வளவு தோண்டினால் உப்புத்தண்ணீர்தான் வரும். அதனால் அதை அழித்துவிட்டு, எங்கள் வீட்டு வளவுக் கிணற்றை நினைத்து நாலு மீற்றர் என்று எழுதிவிட்டாள். பதினெட்டுத்தான் சரியான விடை.

அழித்த தடத்தைப் பார்த்து ரீச்சர் சிரித்தாவாம். "உது கரம்பொன் கிணறெண்டு ஆர் உமக்குச் சொன்னது? சந்தேகப்பட்டது நல்லது. ஏன் அழிச்சனீர்? செய்த வழியைத் திரும்பிப் பாத்திருக்கலாமே."

அதன்பிறகு அக்கா அழிப்பதை விட்டாள். சந்தேகம் வந்தால் மேலே ஒரு மெல்லிய கோடு. கீழே இன்னொரு முறை.

இந்த வருடம் என் மகள் சாதாரண தரக் கணக்குப் பரீட்சையை இரண்டாம் முறை எழுத இருந்தாள். இம்முறையும் தவறினால் உயர்தரம் படிக்கும் அவளுடைய ஆசை போய்விடும். தாள் கிழியும்வரை அழிப்பது அவள் பழக்கம். பரீட்சைக்கு முந்திய வெள்ளி, நான் சாமி விளக்கேற்றிவிட்டு வர, அவள் சத்தமிட்டாள்.

"அம்மா, எழுவைதீவுப் படகு மணிக்கு நூற்றியெண்பது கிலோமீற்றர் ஓடுது!"

"அப்ப திருவிழாவுக்கு அதிலையே பறப்பம்."

சிரித்துக்கொண்டே அழிறப்பரை எடுத்தாள். நான் கிணற்றுக் கதையைச் சொன்னேன்.

"பெரியம்மாவும் பிழை விட்டவவோ!" முகம் தெளிந்துவிட்டது. கோடு போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "முப்பது நிமிசத்திலை ஆறு கிலோமீற்றர். நான் ரெண்டையும் பெருக்கிப்போட்டன். பன்னிரண்டு, அம்மா!"

கணக்குக்கு மூளை இருந்தால் போதும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். எழுதியதை வெட்கப்படாமல் திரும்பிப் பார்க்கவும் ஒரு மனம் வேண்டும்போல. அதைக் கோயிலில் அம்மாளாச்சியிடம் என்ன சொல்லிக் கேட்பது?

பரீட்சையன்று காலை திருநீறு பூசிவிட்டேன். அவள் வாசல் படலையைத் தாண்டிய பிறகுதான், பரீட்சைக்கென்று வாங்கிய புது அழிறப்பரை மேசையில் கண்டேன். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அது கிடக்கட்டும் அம்மா. கோடு போடுவன்."

திரும்பி வந்து அதை விளக்கடியில் வைத்தேன். இன்னும் ஒரு மூலையும் தேயாமல் அப்படியே இருக்கிறது. பரீட்சைப் பெறுபேறு இன்னும் வரவில்லை.