சத்தம் மட்டும் தெளிவு

என் அத்தான் நாகையாவுக்கு எட்டு வயதில் காய்ச்சல் வந்து காது போனது. பேச்சு போகவில்லை. ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால் எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று அவருக்குத் தெரியாது. அவர் "உப்பு எடு" என்றால் கம்போங் மேடான் அடுக்குமாடியில் மேலும் கீழும் எல்லோரும் உப்பைத் தேடுவார்கள். மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிறவர்கள், மீசைக்குள்ளேயே பேசுகிறவர்கள், மென்றுகொண்டே பேசுகிறவர்கள் எல்லாம் அவரைப் பொறுத்தவரை ஊமைகள்.

அவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டிக்கொண்டாள் என் அக்கா அமுதவள்ளி. எங்கள் வீட்டில் பெண்கள் எல்லோருக்கும் வாய் நீளம், அவளுக்குக் கொஞ்சம் கூடுதல். "இந்த வாயாடிக்குப் போயும் போயும் காது கேக்காத மாப்பிள்ளையா?" என்று கிள்ளான் உறவுக்காரர்கள் கல்யாணப் பந்தியிலேயே சிரித்தார்கள். அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சின்ன வீட்டில் மாமியார், மச்சான்மார் என்று ஏழு பேர். கல்யாணமான புதிதில் அத்தான் ரகசியம் என்று நினைத்து அக்காவிடம் சொன்ன ஏதோ ஒன்று வீடு முழுவதும் கேட்டு, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அன்றோடு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். சத்தத்தை விட்டுவிட்டு உதட்டை மட்டும் அசைப்பது. அவருக்கும் பழக்கினாள். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் உரிய பேச்செல்லாம் அப்படித்தான். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், இருவரும் வாயை அசைத்துச் சிரித்துக்கொள்வார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

"என்னாக்கா பேசுறீங்க?"

"உனக்கு எதுக்குடி?"

ஹேமா பிறந்த பிறகு, மரச்சாமான் தொழிற்சாலையில் கிடைத்த போனஸில் அத்தான் ஒரு வீடியோ கேமரா வாங்கினார். பிள்ளையின் பிறந்தநாள், பத்துமலைக் காவடி, பூச்சோங்கில் கல்யாணம் என்று எல்லாவற்றையும் எடுத்தார். எதிலும் அக்கா கேமராவை நேராகப் பார்த்துத்தான் பேசுவாள். கேமராவுக்குப் பின்னால் இருக்கிறவர் யார் என்று அவளுக்குத் தெரியுமே.

ஹேமாவுக்கு ஆறு வயதானபோது அக்காவுக்குப் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தான் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவருக்கு ஒன்று சொல்லிவைக்க வேண்டும் என்று என்னிடம் கேமராவை நாற்காலிமேல் வைக்கச் சொன்னாள்.

"நேர்ல சொல்லேன்க்கா" என்றேன்.

"நேர்ல சொன்னா அழுவாரு. கண்ணுல தண்ணி நின்னா நான் சொல்றது அவருக்குத் தெரியாதுடி. இதுன்னா தொடைச்சிட்டுத் தொடைச்சிட்டுப் பாப்பாரு."

அடுத்த வாரமே போய்விட்டாள்.

முதல் சில வருஷம் அந்த டேப்பைப் பார்க்க அத்தானுக்கு மனம் ஓடவில்லை. மனம் ஓடியபோது கேமரா ஓடவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் கொண்டுபோய்க் காட்டினார். பாகம் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார்கள். டேப் ஒரு பிஸ்கட் டின்னில் துணி சுற்றிக் கிடந்தது. ஹேமா வளர்ந்து கல்லூரிக்குப் போனாள். "அம்மா எப்படிச் சித்தி பேசுவாங்க? குரல் ஞாபகமே வர மாட்டேங்குது" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள்தான் பிரிக்பீல்ட்ஸில் பழைய டேப்பைக் கணினிக்கு மாற்றித் தரும் கடையைக் கண்டுபிடித்தாள். துணைக்கு நானும் போனேன்.

கடைக்காரர் லோகன் நல்ல மனிதர்தான். ஏமாற்றுகிற ஆள் இல்லை.

"அப்படியே எடுத்தா ரொம்பப் பெரிய ஃபைல் ஆயிடும்க்கா. உங்க பழைய லேப்டாப்புல திக்கித் திக்கித்தான் ஓடும். சுருக்கித் தரேன். எது கெடாம இருக்கணும், அதை மட்டும் சொல்லுங்க."

"அம்மா குரல் அங்கிள்" என்றாள் ஹேமா. "குரல்ல மட்டும் கை வைக்காதீங்க. படம் கொஞ்சம் மங்கினாலும் பரவால்ல லா."

பதினைந்து வருஷம் தாயின் குரலுக்கு ஏங்கிய பிள்ளை வேறு என்ன கேட்கும்?

டேப் பூஞ்சணம் பிடித்திருந்ததாம். ஒரே ஒரு தடவை ஓடிவிட்டு அறுந்துபோனது. அந்த ஒரு ஓட்டத்திலேயே எல்லாம் ஏறிவிட்டது, உங்கள் அதிர்ஷ்டம் என்று சொல்லி லோகன் பென்டிரைவைக் கொடுத்தார். அத்தான் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "திதிக்குப் பாப்போம்!" என்றார், மாடி முழுவதும் கேட்க. திதிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அவருக்கு முன்னால் யாரும் பார்ப்பது முறையில்லை என்று பென்டிரைவ் சாமி மேடையிலேயே இருந்தது.

திதியன்று அத்தான் முடி வெட்டிக்கொண்டு, புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்த பிறகு ஹேமா லேப்டாப்பைத் திறந்தாள். முதலில் அவளுடைய பிறந்தநாள். "ஹேமா, இங்க பாரு, அப்பாவைப் பாரு" என்று அக்காவின் குரல். அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிறாள் என்றே நினைத்துவிட்டேன். ஹேமா என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

பிறகு கடைசிப் பகுதி வந்தது. தலையில் துண்டு கட்டிய அக்கா. "கதவைச் சாத்திட்டுப் போடி" என்றாள், என்னிடம். அதற்குப் பிறகு அவள் சத்தமே போடவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

உதடு என்று நான் சொல்கிறேன். அங்கே இருந்தது தரையில் பதித்த ஓடுகள்போலக் கட்டம் கட்டமாக ஒரு நிறம். மூக்குக்குக் கீழே எல்லாம் கட்டம்.

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். திரைக்கு அருகில் போனார். தள்ளி வந்தார்.

"வாய் எங்க?" என்று கத்தினார். "ஹேமா, அம்மா வாய் எங்கம்மா?"

ஹேமா என்ன செய்வதென்று தெரியாமல் சத்தத்தைக் கூட்டினாள். அக்கா தலைக்கு மேலே காற்றாடி சுற்றும் சத்தம், அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

மறுநாளே ரயில் பிடித்து லோகன் கடைக்கு ஓடினோம். பெரிய ஃபைலை ஒரு மாதம்தான் வைத்திருப்பாராம், இடம் வேண்டும் என்று அழித்துவிட்டாராம். இருந்தும் கடையை மூடிப்போட்டுவிட்டு எல்லாக் கணினியிலும் தேடினார். கிடைக்கவில்லை.

"சத்தம் கிளியரா இருந்துச்சேக்கா. கேட்டுப் பாத்துட்டுத்தானே குடுத்தேன்."

அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் போனேன். காது கேட்கிறவர் கேட்டுத்தானே பார்ப்பார்.

வீட்டுக்கு வந்து ஹேமா அப்பாவின் முன்னால் மண்டியிட்டாள். அவருக்குப் புரிய வேண்டும் என்று அழுகையை அடக்கி அடக்கி, ஒவ்வொரு சொல்லாக, முகத்தை நேரே வைத்துச் சொன்னாள். "நான்தான்ப்பா படம் மங்கினாலும் பரவால்லன்னு சொன்னேன்."

அவர் அவள் கன்னத்தைத் துடைத்தார். "உனக்கு அம்மா குரல் கெடைச்சிச்சில்ல?"

"ம்."

"எப்படி இருக்கும்மா, அவ குரல்?"

கூடவே வாழ்ந்த மனுஷி. அவள் குரலை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஹேமா வாயைத் திறந்து திறந்து பார்த்தாள், சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அவர் வேலை விட்டு வந்ததும் லேப்டாப்பின் முன்னால் உட்கார்வார். படத்தைச் சின்னதாக்கினால் கட்டங்கள் கொஞ்சம் ஒன்றுசேர்கின்றன. உதடு மூடுவதும் திறப்பதும் தெரிகிறது, சொல் தெரியவில்லை. இன்னும் சின்னதாக்குவார். தீப்பெட்டி அளவுக்கு வந்ததும் முகமே போய்விடும். மறுபடியும் பெரிதாக்குவார்.

போன ஞாயிறு சாயங்காலம் அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். அக்கா திரையில் பேசி முடித்துவிட்டு, கடைசியில் அப்படியே பார்த்துக்கொண்டிருப்பாளே, அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார். அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. மாடிக்கே கேட்கிற குரல்காரர், ஒரு துளிச் சத்தம் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார். அவள் என்ன கேட்டாள் என்றே தெரியாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கதவோரம் நின்று அவர் உதட்டையே பார்த்தேன். நல்ல வெளிச்சம், முகம் தெளிவாகத்தான் தெரிந்தது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.