முதுகு ஜிப்பும் முடிச்சில்லாத லேஸும்

நாற்பத்து மூன்று வயதில் ட்ரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். முதலில் நீந்த வேண்டும், பிறகு சைக்கிள், கடைசியில் ஓட்டம். நடுவில் கடிகாரம் நிற்காது. உடை மாற்றுகிற நேரமும் ஷூ மாட்டுகிற நேரமும் சேர்த்தே எண்ணப்படும். பெயர் கொடுத்ததை ஒரு வருடம் நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் நான். கணவர் பதினாறு வருடமாக வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போடக் கை பழகுவதற்கே பல மாதம் பிடித்தது. முதலில் சர்க்கரைக்குப் பயந்து நடந்தேன். நடை ஓட்டமாயிற்று. பள்ளிக்கு சைக்கிளில் போக ஆரம்பித்தேன். நீச்சல் சின்ன வயதிலேயே தெரியும். அண்ணனின் முந்திரித் தோப்புக்குள் படிக்கட்டு வைத்த பெரிய கிணறு இருக்கிறது. அண்ணன் குடும்பம் திருச்சிக்குப் போய்விட்டதால் காய் பறிக்கிற நாள் தவிர அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது. விடிந்ததும் போவேன். காலி கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பக்கத்தில் மிதக்க விட்டுவிட்டு, செக்கு மாடு மாதிரி கிணற்றைச் சுற்றிச் சுற்றி நீந்துவேன்.

சுடிதாரோடுதான் நீந்தினேன். டாப்ஸுக்குள் தண்ணீர் புகுந்து பலூனாக உப்பி, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். டாப்ஸை இடுப்பில் முடிந்து பார்த்தேன். பிறகு லெகின்ஸும் இறுக்கமான பனியனும் போட்டுப் பார்த்தேன். அதே இருபது சுற்றை முடிக்க ஆன நேரத்தில் நன்றாகவே வித்தியாசம் தெரிந்தது. சரி, நீச்சலுக்கு அது போதும். ஆனால் ஏறி வந்து சைக்கிளுக்காக அதன் மேல் ஒரு டீஷர்ட்டை மாட்டப் பார்த்தால், ஈர முதுகில் துணி சுருண்டு கயிறாக ஒட்டிக்கொண்டது. அதைக் கீழே இழுத்துவிட இன்னொரு கை வேண்டும். படிக்கட்டில் நின்று கைகளை முதுகுக்குப் பின்னால் வளைத்துப் போராடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் யாருமில்லை என்பது தோள்பட்டை வலியாகத் தெரிந்தது.

மூன்றுக்கும் ஒரே உடை விற்பது பிறகுதான் தெரிந்தது. கை குட்டையாக, கால் தொடை வரைக்கும் வருகிற ஒட்டு உடை. சைக்கிள் சீட்டுக்காக உள்ளே மெல்லிய பஞ்சு வைத்திருப்பார்கள். பஞ்சு தடிமனாக இருந்தால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கனக்கும்; அதனால் மெல்லியதாகப் பார்த்து ஆன்லைனில் வாங்கினேன். ஜிப் முன்னாலா பின்னாலா என்றொரு கேள்வி வந்தது. முன் ஜிப் என்றால் கழுத்து வழியாகத் தண்ணீர் புகும், பின் ஜிப்தான் வேகத்துக்கு நல்லது என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். பின் ஜிப்பே வாங்கினேன்.

பார்சல் வந்த அன்று கதவைத் தாழிட்டுப் போட்டுப் பார்த்தேன். இடுப்பு வரை ஜிப் ஏறியது. அதற்கு மேல் கை எட்டவில்லை. சுவரில் முதுகைத் தேய்த்தேன், துணி மாட்டும் ஹேங்கர் கம்பியை வளைத்துக் கொக்கி செய்தேன். கால் மணி நேரம் போனது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முதுகு திறந்தபடி, முடி கலைந்து, வியர்த்து நின்றுகொண்டிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அந்த ஜிப்புக்காக அழவில்லை.

மறுநாள் அதைப் பையில் சுருட்டிக்கொண்டு, எனக்கு வழக்கமாக ஜாக்கெட் தைக்கும் தையல்கார அம்மாவிடம் போனேன். அவர் துணியை விரித்து, இழுத்துப் பார்த்து, எதற்கு என்று கேட்டார். அவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"முன்னாடி ஜிப் வச்சுத் தாரேன் டீச்சர். தனியா இருக்கவங்களுக்கு அதுதான் தோது. நான் அப்படித்தான் எல்லாத்துக்கும் முன்னாடியே கொக்கி வச்சுக்கிறேன்" என்றார்.

அவருக்கு யாருமில்லை என்பது அதுவரை எனக்குத் தெரியாது. பத்து வருடமாக அவரிடம் துணி கொடுத்து வாங்குகிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை.

கழுத்துப் பக்கம் தண்ணீர் புகாதபடி உள்ளே ஒரு பட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தார். கிணற்றில் போட்டுப் பார்த்தேன். ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் நேரம் கூடியிருக்கலாம். நானே போட்டு நானே கழற்ற முடிந்தது. வேகம் என்பதில் இதுவும் சேர்த்திதான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அடுத்து ஷூ லேஸ். ஈர விரலால் முடிச்சுப் போடுவது லேசில்லை. பருத்தி லேஸ் நனைந்தால் ஊறி, துளையில் நகராது. வழவழப்பான நைலான் லேஸ் ஓட ஓட அவிழும். தையல்கார அம்மா பாவாடைக்குப் போடும் உருண்டை எலாஸ்டிக்கைக் கொடுத்தார். அது ரொம்ப இளகல். குதிகால் நழுவிக் கொப்புளம் போட்டது. கடைசியில் இதற்கென்றே விற்கும் எலாஸ்டிக் லேஸை வரவழைத்தேன். அதில் முடிச்சே கிடையாது, சின்ன பூட்டு ஒன்றுதான். அதை எவ்வளவு இறுக்குவது என்று கண்டுபிடிக்கப் பல வாரம் ஆனது. இறுக்கினால் விரல் மரத்துப்போகிறது, தளர்த்தினால் ஷூ ஆடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் வாளித் தண்ணீரில் காலை நனைத்து, ஷூவுக்குள் பவுடர் தூவி, போனில் நேரம் வைத்து மாட்டி மாட்டிப் பழகினேன். நடுவில் அதே போனில் கணவர் கூப்பிடுவார். சாப்பிட்டியா, மழை பேஞ்சுச்சா, மோட்டார் ஓடுதா என்பார். ஆச்சு, இல்லை, ஓடுது என்பேன். பேசி முடித்ததும் மறுபடி காலை வாளிக்குள் விடுவேன்.

போட்டி ஒரு கடற்கரை ஊரில் நடந்தது. நீந்தி முடித்து ஏறியபோது எனக்கு முன்னால் ஏறிய ஒரு பெண் டீஷர்ட்டோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். நான் ஷூவுக்குள் காலை விட்டேன், குதிகால் பட்டையை இழுத்தேன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் நாலைந்து பேரைத் தாண்டியிருப்பேன். சைக்கிளில் அவர்களில் பாதிப் பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். ஓட்டத்தில் வெயில் கொன்றது. என் வயதுக்காரர்களில் மூன்றாவதாக வந்தேன்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் மற்ற ஒவ்வொருவரையும் யாராவது ஒருவர் கட்டிப்பிடித்தார், துண்டு போர்த்தினார். நான் கழுத்தில் மெடலோடு, வாழைப்பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கணவரைக் கூப்பிட்டேன். கேமராவை ஆன் செய்துவிட்டதை அவர் முகம் மாறியதும்தான் உணர்ந்தேன்.

"எங்கிட்டு இருக்க? இது என்ன டிரெஸ்ஸு?"

ஒன்றுவிடாமல் சொன்னேன். கிணறு, ஜிப், லேஸ், வாளி எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"தனியாவா போயிருக்க?" என்றார்.

"ஆமாங்க."

"ஒரு வருஷமா ஒண்ணுமே சொல்லலையே."

அவர் கேமராவைத் திருப்பி அறையைக் காட்டினார். ஒரே ஒரு கட்டில், சின்ன அடுப்பு, ஜன்னல் இல்லாத சுவர். முன்பு எப்போதாவது வீடியோவில் பேசும்போது பின்னால் தெரிந்த அறை அதுவல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. பழைய கம்பெனியை மூடி எட்டு மாதமாகிறதாம். வேறு ஊருக்கு வந்து குடோன் வேலை பார்க்கிறாராம். கூட இருந்தவர்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்பிவிட்டார்களாம். நான் கவலைப்படுவேன் என்று சொல்லவில்லையாம்.

"பேச ஆளில்ல. ஒங்கிட்ட சாப்பிட்டியான்னு கேக்குறதுதான் அன்னிக்கி நான் பேசுற ஒரே பேச்சு" என்றார்.

சுற்றிலும் ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது. மணலில் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஊருக்கு வந்துவிடுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் இப்போதெல்லாம் மழையைப் பற்றிக் கேட்பதில்லை. குடோனில் அன்றைக்கு என்ன இறக்கினார்கள் என்று அவர் சொல்வார். எத்தனை சுற்று நீந்தினேன் என்று நான் சொல்வேன். சில நாள் இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. அப்போதும் உடனே போனை வைத்துவிடுவதில்லை.