மூடாத கார்

எங்கள் காருக்கு என்னைவிட வயது அதிகம். பழைய இங்கிலாந்துக் கார். தகரக் கூரை கிடையாது, மடக்கி விரிக்கிற கறுப்புக் கன்வஸ் ஹூட்தான். அந்த ஹூட்டும் கடைசியாக விரிந்து எட்டு வருடமாகிறது. வெள்ளவத்தைக் கடல்காற்று அதன் இரும்புச் சட்டத்தைத் தின்றுவிட்டது, மடிந்தபடியே இறுகிப்போய்ப் பின்பக்கம் கிடக்கிறது. எங்கள் ஒழுங்கையிலிருந்து இந்தக் காரை வெளியே எடுத்தால் சனம் நின்று பார்க்கும். "எங்கை, பெரிய இடத்துக் கலியாணமோ?" என்று பகிடி விடுகிறவர்களும் உண்டு. நாங்கள் போவது களுபோவில ஆஸ்பத்திரிக்கு.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், சனி என்று கிழமையில் மூன்று நாள் டயலிசிஸ். நாலு மணித்தியாலம் இரத்தத்தைச் சுத்தப்படுத்தி அனுப்புவார்கள். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், இரண்டு நாள் தவறினால் மூச்சு முட்டும். போதாததற்குப் போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்ததில் வலது கால் மடங்காமல் போய்விட்டது. ஓட்டோவில் ஏற்றினால் கால் வீதிக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் காரில் முன் சீற்றை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டு அவரை இருத்தலாம்.

வேனில் கொண்டுபோகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கனடாவில் இருக்கும் மகள் கிழமைக்கு இரண்டு தரம் கேட்கிறாள். அவர் மூடின வாகனத்தில் ஏறமாட்டார். சண்டைக் காலத்தில், எங்களுக்குக் கலியாணமாகி ஏழு மாதத்தில், காலி வீதியில் வைத்து அவரை ஒரு வேனுக்குள் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினொரு நாள் கழித்து விட்டார்கள். வந்து குளித்தார், சோறு கேட்டார், சாப்பிட்டார். என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. கேட்டால் உடைந்துபோவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நான் உடைந்துபோவேன் என்று பயந்தேன். அடுத்த வருடம் ஒரு நாள் இந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். ஒரு கிளாக்குக்கு இப்படி ஒரு கார் கேட்குதோ என்று நான் சன்னதம் ஆடினேன். "எனக்குக் காத்து வேணும்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் தந்த விளக்கம் அவ்வளவுதான்.

இந்தக் காரை நான் ஒரு நாளும் விரும்பியதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த எனக்கு, சொன்னால் சொன்னபடி நடக்கிற சாமான்தான் பிடிக்கும். இது காலையில் ஒரு குணம், மத்தியானம் ஒரு குணம். சூடேறினால் நிற்கும், மழை பட்டால் நிற்கும், ஒன்றும் இல்லாவிட்டாலும் மனம் வைத்தால் நிற்கும். தெஹிவளையில் ஒரு மெக்கானிக் பாஸ் இருக்கிறார். என்னைக் கண்டவுடன் கையில் இருக்கிற தேத்தண்ணியைக் கீழே வைத்துவிடுவார், அவ்வளவு பழக்கம். என் கணவர் விழுந்த பிறகு காரை ஓட்டுவது நான்தான். கும்பிடாத தெய்வம் இல்லை, ஏசாத ஏச்சும் இல்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை கார் ஒழுங்கையை விட்டே அசையவில்லை. சாவியைத் திருப்பினால் தொண்டையைச் செருமுகிற சத்தம் மட்டும் வந்தது. பாஸ் வந்து பார்க்கப் பின்னேரமாகும் என்றார். நான் என் கணவரிடம் கெஞ்சினேன். ஒரே ஒரு தரம் வேனில் போவோம், நான் பக்கத்தில் இருக்கிறேன், கையைப் பிடித்துக்கொண்டே வருகிறேன் என்றேன். அம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்றேன். "அதுக்கும் கதவு பின்னாலைதானே" என்றார். எனக்கு விசர் பிடித்தது. "சாகப்போறியளோ? அப்பிடியெண்டால் சொல்லுங்கோ, நான் பாடு பார்க்கிறதை விடுறன்" என்று கத்தினேன். அன்றைய முறை தவறியது. ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் எடுத்தபோது, எல்லாக் கட்டிலும் நிறைந்திருக்கிறது, சனிக்கிழமை வாருங்கள், அதைமட்டும் தவறவிட வேண்டாம் என்றார் டொக்டர். வியாழன் காலையில் அவருடைய கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தது.

அன்றைக்குத்தான் நான் கொட்டாஞ்சேனைக்காரருக்குப் பேசினேன். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வாடகைக்கு விடுகிறவர். மூன்று வருடமாக எங்கள் காரைக் கேட்டுக்கொண்டிருந்தார். கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்து போவதற்கு இது போதுமாம், நின்றாலும் நாலு பேர் தள்ளிவிடுவார்களாம். பதிலுக்குத் தன்னிடமிருந்த சின்ன ஜப்பான் காரைத் தருகிறேன் என்றார். திருப்பினால் ஓடுகிற கார். முன் சீற்றில் காலை நீட்ட இடமும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அதைக் கொண்டுவந்து காட்டினார். நான் நாலு கண்ணாடியையும் இறக்கினேன். இவர் ஊன்றுகோலோடு வந்து, நீண்ட நேரம் அதன் பக்கத்தில் நின்றார். பிறகு தானாகவே ஏறி இருந்தார். கதவை நான் சாத்தவில்லை, அவரே சாத்தினார். பத்து நிமிடம் இருந்திருப்பார். நெற்றி வியர்த்து வழிந்தது, கை கதவுப் பிடியை விடவில்லை. "பழகிடும்" என்றார். "நீர்தானே ஓட்டுறீர். எனக்குப் பழகிடும்." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். கலியாணமான நாளிலிருந்து அவர் எனக்காகச் செய்த காரியங்களில் இதைவிடப் பெரியது ஒன்றும் கிடையாது.

அந்த நிமிடமே சாவியை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும். எழுதவேண்டிய கடதாசியெல்லாம் கொட்டாஞ்சேனைக்காரர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான்தான் வாயைத் திறந்தேன்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. வீட்டிலை நிண்ட வாகனத்தை வெள்ளியிலை வெளியிலை குடுக்கிறேல்லை. நாளைக்கு எடுங்கோவன்."

கொட்டாஞ்சேனைக்காரர் காதில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ டீச்சர், நாளைக்குச் சனிக்கிழமைங்க. சனிக்கிழமை இரும்பு வாங்கி நான் உருப்பட்ட மாதிரிதான். ஞாயித்துக்கிழமை காலையில வாரேன். நல்ல நாள்."

மூவரும் தலையாட்டினோம். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள் நான். வெள்ளிக்கும் சனிக்கும் நடுவில் என் மனிதனுடைய உயிர் நிற்கிறது என்ற கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. லட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாளாம். அவள் எப்போது எங்கள் வீட்டுக்கு வந்தாள் என்று அப்போது நான் யோசித்திருக்க வேண்டும். சின்னக் காரை அவர் திருப்பிக்கொண்டு போனார்.

பாஸ் புதன் பின்னேரமே வந்து எதையோ மாற்றிச் சரிப்படுத்தியிருந்ததால், சனிக்கிழமை பழைய கார் ஒரே திருப்பில் இயங்கியது. இவர் மூச்சு விடுவதற்கே சிரமப்பட்டார். காலி வீதியில் தெஹிவளைச் சந்தி வரைக்கும் நல்லபிள்ளையாக ஓடியது. ஆஸ்பத்திரி வீதிக்குத் திரும்பியபோது மழை பிடித்தது. சும்மா தூறல் இல்லை, வாளியால் ஊற்றுகிற மழை. மூடுவதற்குக் கூரை இல்லை. நான் குடையை விரித்து அவர் கையில் கொடுத்தேன். கொஞ்சத் தூரம் போனதும் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

திருப்பினேன். திரும்பவும் திருப்பினேன். பின்னால் பஸ்ஸும் ஓட்டோவும் ஹோண் அடித்தன. இருக்கையில் தண்ணீர் தேங்கியது. அவருடைய உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. குடை கையிலிருந்து விழுந்து காற்றில் போய்விட்டது. ஆஸ்பத்திரி அரை மைல்கூட இல்லை, நான் அவரைத் தூக்கிக்கொண்டா போவேன்? வீதியின் நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

ஒரு வெள்ளை வேன் நின்றது. கடைகளுக்குப் பிஸ்கட் பெட்டி ஏற்றுகிற வேன், பின்பக்கம் முழுக்க அடைப்பு. சாரதி இறங்கி ஓடிவந்தார். "அம்மா, அழாதீர்கள், நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்று சிங்களத்தில் சொன்னார். நல்ல மனிதர். பஸ் தரிப்பில் நின்ற இரண்டு பேரும் மழையில் இறங்கி வந்தார்கள். இவர் வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார். வேண்டாம் என்று வாய் அசைந்தது. கார்க் கதவை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். வந்தவர்கள் தயங்கி என்னைப் பார்த்தார்கள்.

"எயாவ வேன் எகட்ட தாண்ட!" என்றேன். அவரை வேனுக்குள் போடுங்கள்.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டது நான்தான். அவர்கள் தூக்கினார்கள். பெட்டிகளுக்கு நடுவில் கிடத்தினார்கள், நான் பின்னால் ஏறினேன், கதவு சாத்தப்பட்டது. இருட்டில் அவர் அழ ஆரம்பித்தார். "மம முக்குத் தன்னே நே, மாத்தயா. மம முக்குத் தன்னே நே." எனக்கு ஒன்றும் தெரியாது, ஐயா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அதையே சொன்னார். நான் அவர் கையைப் பிடித்து, நான்தான், நான்தான் என்றேன். அவர் கையை உதறிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார், அடி விழப்போகிறது என்று எதிர்பார்க்கிறவர் மாதிரி. இத்தனை வருடம் நான் கேட்காமல் விட்ட கதையை அந்த ஐந்து நிமிடத்தில் கேட்டு முடித்தேன்.

டயலிசிஸ் நடந்தது. உயிர் தப்பியது. மத்தியானம் மழை விட்டபின் பாஸ் காரைக் கிளப்பி ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுவந்து தந்தார். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன், "பசிக்கேல்லை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குக் கொட்டாஞ்சேனைக்காரர் வந்தார். சின்னக் காரைக் கழுவித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, சிரித்த முகத்தோடு நின்றார். நான் இவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். நாலு கண்ணாடியையும் இறக்கினேன், கதவை அகலத் திறந்து வைத்தேன். "வெள்ளிக்கிழமை இருந்தனீங்கள்தானே" என்றேன். என் குரலில் இருந்த கெஞ்சல் எனக்கே கேட்டது.

அவர் காரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நேற்று நீர் சொன்னீரே, வேனுக்குள்ளை போடச் சொல்லி. அண்டைக்கும் ஒராள் அதையேதான் சொன்னவன். அதே சொல்லு." கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னார். "வெள்ளிக்கிழமை நீர் ஓட்டுறீர் எண்டபடியால்தான் ஏறினனான். இனி ஏலாது."

கொட்டாஞ்சேனைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கார் பிடிக்கவில்லையா, வேறு நிறம் வேண்டுமா என்று கேட்டார். காரில் ஒரு பிழையும் இல்லை, பிழை என்னில்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை பழைய காரில் அவரை இருத்தி, காலை நீட்டி வைத்து, நான் ஓட்டுகிற இருக்கையில் ஏறினேன். வானம் மூட்டமாக இருந்தது.

"வழியிலை நிண்டால்?" என்று கேட்டார்.

"நிண்டால் பாஸைக் கூப்பிடுவன்."

"வேனை மறிக்க மாட்டீரே?"

இப்படியே ஓடினால் ஒரு நாள் இந்த மனிதர் என் கண் முன்னால் நடுவீதியில் மூச்சு முட்டிப் போய்விடுவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கையை நீட்டினார்.

"மறிக்க மாட்டன்" என்று அவருடைய கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பிறகு சாவியைத் திருப்பினேன்.