துருசுக்குக் கீழே நாலரை அடி

1. குழி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் குளமொன்றின் துருசுக்குக் கீழே நாங்கள் கொட்டிய கருங்கல்லைத் தண்ணீர் மூன்றாவது தடவையும் வாரிக்கொண்டு போயிற்று. இரண்டாம் உலக யுத்தத்துக்கு இரண்டொரு வருடம் முந்திய கதை. நான் அப்போது மட்டக்களப்பு நீர்ப்பாசனத் திணைக்களக் கந்தோரொன்றில் படம் கீறும் டிராஃப்ட்ஸ்மன்.

துருசு என்பது குளக்கட்டின் அடியில் தண்ணீர் விடும் கதவு. அதைத் தூக்கினால் தண்ணீர் சீமெந்துத் தளத்தில் சீறிப் பாய்ந்து, தளத்தையும் தாண்டி மண்ணில் கொந்தளிக்கும். அங்கே விழுந்த குழி, குளக்கட்டை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. கட்டு உடைந்தால் கீழே வட்டை என்னும் வயல்வெளியும் போகும், அங்கே வாடிக் குடிசைகளில் இருக்கும் சனமும் போகும்.

எங்கள் எஞ்சினியர் யாழ்ப்பாணத்தவர். "இன்னும் பத்து வண்டில் கல்லுக் கொட்டுவம்" என்றார்.

"கணக்கொண்டு போட்டுப் பாக்கட்டா, சேர்?"

"விசரே உமக்கு? சுழிக்கிற தண்ணிக்கு என்ன கணக்கு? ஒரு சுழி மாதிரி மற்றது இராது."

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

2. கணக்கு

சுழிகளை நான் கணக்கில் எடுக்கவேயில்லை. பாயும் நீரின் ஆழம், அதன் வேகம் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். மெல்லிதாக வேகமாய் ஓடும் நீர் ஓரிடத்தில் திடீரென எழும்பி, ஆழமாகி, அடங்கும். அந்த எழும்பலில்தான் அதன் மூர்க்கம் செலவாகிறது. ஓர் அடி ஆழத்தில் பாயும் எங்கள் தண்ணீர் நாலரை அடிக்கு எழும்ப வேண்டும் என்று விடை வந்தது. வாய்க்காலில் நாலரை அடி தண்ணீர் நின்றால் அந்த எழும்பல் தளத்திலேயே நிகழும்; குறைந்தால் தளத்தைத் தாண்டி மண்ணில் நிகழும்.

வரைபடத்தில் வாய்க்கால் நீர்மட்டமும் நாலரை அடிதான். அப்படியானால் குழி விழவே கூடாது! இரண்டு நாள் திரும்பத் திரும்பப் போட்டேன். விடை மாறவில்லை, குழியும் மூடவில்லை.

அந்த வட்டைக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டைவிதானை கணபதிப்பிள்ளை கந்தோருக்கு வந்தபோது வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"நாலரை அடியா? அது வயலெல்லாம் நிரம்பினாப் பொறகு. விதைப்புக்குத் துருசு திறக்கக்குள்ள வாய்க்கால்ல ரெண்டரை அடிதான் நிக்கும். அப்பதான் குழி தோண்டுது."

நாலரைக்குப் போதாமல் இருந்தது அந்த இரண்டு அடிதான். தளத்தின் முடிவில் இரண்டடிச் சுவர் ஒன்று எழுப்பினால் தண்ணீர் தளத்திலேயே தேங்கி எழும்பும்.

3. தொட்டி

"தண்ணிக்குக் குறுக்கச் சுவரோ? ஒரு நாளும் நில்லாது" என்றார் எஞ்சினியர்.

ஏறாவூர் மேசன் மீராசாகிபு பலகையால் ஒரு தொட்டி செய்து தந்தார். அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவு. தளத்துக்கு அப்பால் ஆற்றுமணல் பரப்பித் தண்ணீர் விட்டோம். சுவரில்லாமல் விட்டபோது மணலில் குழி விழுந்தது. சுவருக்குப் பதிலாக இரண்டங்குல மரச்சட்டத்தை வைத்ததும் தண்ணீர் தளத்தில் பொங்கி, அடங்கி, மணலைக் கலைக்காமல் போனது.

"மணல் கிடந்த கிடையிலயே கிடக்குது பாருங்க" என்றார் மீராசாகிபு.

எஞ்சினியர் குனிந்து மணலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "குழியை நிரப்பிப்போட்டுச் சுவரைக் கட்டுங்கோ. கையெழுத்து நான் வைக்கிறன்" என்றார்.

4. திறப்பு

விதைப்புக்குத் துருசு திறந்த காலையில் நாங்கள் குளக்கட்டில் நின்றோம். தண்ணீர் சீறி வந்து, சுவருக்கு முன்னால் வெள்ளையாக எழும்பியது. சுழிகள் ஆயிரம் இருந்தன. எல்லாம் சீமெந்தின் மேல் இருந்தன. சுவரைத் தாண்டிய தண்ணீர் சாதுவாக நடந்து போயிற்று. விதானை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை பார்க்கப் போனார். எஞ்சினியர் என் பக்கம் திரும்பி, "அடுத்த குளத்தின்ர படத்தையும் எடும்" என்றார்.

இளைய எஞ்சினியர்களுக்கு ஒன்று சொல்வேன். கணக்கில் எதை விட்டாலும் தெரிந்தே விடுங்கள். நான் சுழிகளைத் தெரிந்தே விட்டேன், அதனால் கெடுதி வரவில்லை. விதைப்பு நாளை விட்டது தெரியாமல். குழி விழுந்தது அங்கேதான்.