செல்வியின் முறை

கேரளத்தில் விதுரைக்கு மேலே, தேயிலைக் கம்பெனி கைவிட்டுப் போன மலையூரில் மதியப் பஸ் ஏறுகிறேன். தொழிற்சாலைக் கூரை பாதிக்கு மேல் இல்லை. ஆனால் வேலையாட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கொட்டகையில் கரும்பலகை மட்டும் துடைத்துச் சுத்தமாக இருக்கிறது. சாக்கட்டியில் ஒரே ஒரு பெயர்: செல்வி.

பஸ்ஸில் என்னைத் தவிர ஒரு பெண்தான். கையில் பைகூட இல்லை.

“எங்க போறீங்க?”

“எங்கயும் இல்ல சாரே. நெடுமங்காடு போயிட்டு இதே வண்டில திரும்பி வருவேன். நான்தான் செல்வி. இன்னைக்கு எங்க வீட்டு முறையாக்கும்.”

காலியாக ஓடினால் பஸ்ஸை நிறுத்திவிடுவார்களாம். மதியத்தில் யாருக்காவது முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்கு இறங்க இது ஒன்றுதான். அதனால் தினம் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் ஏறுகிறார். யார் எந்தக் காட்டில் கொழுந்து பறிக்க வேண்டும் என்று கம்பெனி எழுதிய அதே பலகையில், இன்று பஸ் முறையை எழுதுகிறார்கள். எந்த மேனேஜரும் இல்லாமல், ஒரு நாள்கூடத் தவறாமல்! எங்கள் அடுக்ககத்தில் படிவிளக்கு மாற்றவே மூன்று கூட்டம் போட்டோம்.

“இன்னைக்குத்தான் நான் இருக்கேனே. நீங்க வீட்டுக்குப் போகலாமே?”

செல்வி சிரிக்கிறார்.

“நீங்க அங்க இறங்கிருவீங்க. திரும்பி வரும்போ வண்டி காலியாகுமே, சாரே.”