மைதானத்துக்குப் பூட்டு, நடக்கச் சொல்லி போர்டு

பந்தை மூக்கருகில் கொண்டுபோனால் சொல்யூஷன் வாசனை அடிக்கும். ஷூ ஒட்டும் பசைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். வாலிபால் கிழிந்தால் புதுசு வாங்க யாரிடம் காசு? கட்டிங் செக்‌ஷனில் மிஞ்சிய துண்டுத்தோலை வைத்து ஒட்டி, மறுநாளே ஆடுவோம்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நான் ஹெல்ப்பராக இருந்த காலம். சங்கு ஊதியதும் கை கழுவக்கூட நிற்காமல் மைதானத்துக்கு ஓடுவோம். பகல் முழுக்கக் குனிந்தே இருந்த முதுகு அங்கேதான் நிமிரும்...

எங்கள் டீமில் ஸ்மாஷ் அடிப்பது ரபீக் பாய். ஃபினிஷிங்கில் வேலை. எக்ஸ்போர்ட்டில் கழித்துப்போட்ட ஷூவைச் சல்லிசாக வாங்கி மாட்டிக்கொண்டு நான் போன முதல் நாளே, நடு ஆட்டத்தில் தடுக்கி விழுந்தேன்.

"இன்னாய்யா சேகரு, ரெண்டும் இடது காலு மாதிரி ஓடற?"

"மாதிரி இல்ல பாய். ரெண்டுமே இடது கால் ஷூதான்!"

மைதானமே சிரித்தது. பிற்பாடு அந்தக் கழிவு ஷூக்களை ஒழுங்காக ஜோடி சேர்த்து விற்றுத்தான் கடை போட்டேன். அது வேறு கதை.

உடற்பயிற்சி என்ற வார்த்தையை அப்போது எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

இப்போது சொல்கிறார்கள். ரேடியோவில், பஸ் முதுகில், ரேஷன் கடைச் சுவரில்... நாடு ஆரோக்கியமாக இருக்க எல்லாரும் நடக்க வேண்டுமாம். நல்ல விஷயம்தான், யார் வேண்டாமென்றது? அதற்காக எங்கள் மைதானத்தை எடுத்து, சுற்றிலும் கம்பிவேலி போட்டு, உள்ளே டைல்ஸ் பாதை, கைகால் ஆட்ட இரும்பு மெஷின். 'பந்து விளையாடக் கூடாது' என்று ஒரு போர்டு. 'தினமும் நடப்பீர்' என்று இன்னொரு போர்டு. இருட்டுவதற்கு முன்பே கேட்டுக்குப் பூட்டு.

ஷிப்ட் விடுவதே அதற்கப்புறம்தான்!

ரபீக் பாய் இன்னும் வேலைக்குப் போகிறார். சர்க்கரை. கால் மரத்துப்போய், விரலில் வந்த ஒரு புண் ஆறவே மாதக்கணக்கானது. வீடு தேடி வரும் நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சர்க்கரை கம்மி ஆகலன்னா, அடுத்த புண்ணுக்கு விரலையே எடுக்க வேண்டி வரும் பாய். தினம் நடங்க."

எங்கே நடப்பது? ஹைவே ஓரத்திலா? லாரிக்காரன் ஹாரன் அடித்தே ஆளைப் பள்ளத்தில் தள்ளுகிறான்.

போன மாதம் சம்பந்தப்பட்ட அதிகாரியைப் போய்ப் பார்த்தேன்.

"பொதுமக்கள் நலனுக்காகத்தான் சார் பூட்டறோம்."

"ஷிப்ட் போறவங்க பொதுமக்கள் இல்லையா சார்? இன்னும் கொஞ்ச நேரம் தொறந்து வைங்க. வாட்ச்மேன் சம்பளத்தை நாங்க வியாபாரிங்க பாத்துக்கறோம்."

"அதுக்கெல்லாம் ரூல் இல்ல சார்." உடனே குழைந்துகொண்டு, "அடுத்த வாரம் விழிப்புணர்வு நடை வெச்சிருக்கோம். பனியன் நீங்க ஸ்பான்சர் பண்ணுங்களேன். முதுகுல உங்க கடை பேரு போட்டுடலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளம்பரம் என்றால் விடாதவன் நான். அன்று விட்டேன்.

"கேட்டைத் தொறங்க சார், பனியன் இன்னா, ஷூவே தர்றேன். நடக்க எடமில்லாதவன் முதுகுல என் கடை பேரு வேணாம்."

மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் மேலே கேட்டுக்கொண்டே இருக்கிறார் போலிருக்கிறது. விழிப்புணர்வு நடை மட்டும் நடந்து முடிந்து, வேறு கடைப் பெயர் போட்ட பனியனோடு போட்டோ பேப்பரில் வந்துவிட்டது.

இப்போதைக்கு என் குடோனில் பெட்டிகளைச் சுவரோரம் உயர அடுக்கி, நடுவில் வழி விட்டிருக்கிறேன். ஷிப்ட் முடிந்து ரபீக் பாய் அங்கேதான் நடக்கிறார். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாய்ந்து பந்தை எடுத்த மனுஷன்... ஷூ பெட்டிகளுக்கு நடுவே போய்ப் போய்த் திரும்புகிறார்.

நேற்று கேட்டேன், "எப்படி பாய் இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது தோஸ்த். ஆனா வேகம் புடிக்கிறதுக்குள்ள சுவரு வந்துடுது."