மாறி நில்லுங்க, மாப்பிள்ளை

ஆட்களை அசையாமல் நிறுத்திவிட்டால் நல்ல படம் தானாக வந்து விழும் என்றுதான் நம்பியிருந்தேன். யூடியூபில் இரண்டு பாடம் பார்த்து, போன் திரையில் கட்டம் போடவும் கற்றுக்கொண்டு, குடும்பத்தோடு வட்டக்கோட்டைக்குக் கிளம்பினேன். மகளும் மாப்பிள்ளையும் லீவு முடிந்து மறுநாள் தோகாவுக்குத் திரும்புகிறார்கள். மகளோடு தான் மட்டும் நிற்கிற ஒரு படம் வேண்டும் என்று மனைவி காலையிலேயே என் காதில் போட்டிருந்தாள். அவர்கள் இருவரும் சேர்ந்த படங்களில் எப்போதும் யாராவது நடுவில் நிற்பார்கள், பெரும்பாலும் நான்தான்.

கோட்டைச் சுவரின் மேல் இருவரையும் நிறுத்தினேன். மாப்பிள்ளையும் வந்து மகள் பக்கத்தில் நின்றுகொண்டார். கோயம்புத்தூர்க்காரர், மரியாதை அதிகம். கடற்காற்றிலும் எனக்கு வியர்த்தது. மாப்பிள்ளையிடம் ‘தள்ளி நில்லுங்க’ என்று எந்த மாமனார் சொல்லுவார்? அதை மனதில் வைத்துக்கொண்டு மனிதர் விமானம் ஏறினால்? பெட்டியில் கட்டிவைத்த நேந்திரம் சிப்ஸ் அத்தனையும் சேர்ந்தாலும் சமாதானம் செய்யாது. ஆகவே எங்கள் ஊரின் மெத்தென்ற சொல்லை எடுத்தேன்.

“மாப்பிள்ளை, கொஞ்சம் மாறி நில்லுங்க.”

உடனே மகளோடு இடம் மாறி நடுவில் நின்றார்.

“இன்னுங் கொஞ்சம் மாறி...”

இப்போது மாமியாரோடு இடம் மாறினார். நான் மறுபடியும் “மாறுங்க, மாறுங்க” என்று பதற, மனிதர் மறுபடியும் நடுவுக்கே வந்து சேர்ந்தார்.

“போட்டோ எடுக்கியளா, நெலம் அளக்கியளா?” என்றாள் மனைவி.

மகளுக்குத்தான் பிடிபட்டது. “ஐயோ, எங்க ஊர்ல மாறி நில்லுன்னா வெலகி நில்லுன்னு அர்த்தம். அப்பா ஒங்கள வெளிய போகச் சொல்லுகாவ!”

“அட, தள்ளி நில்லுங்கன்னா நின்னுட்டுப் போறனுங்க, மாமா” என்று மாப்பிள்ளை ஓரத்துக்கு ஓடினார்.

“அத ஒங்கட்ட எப்பிடி மாப்பிள சொல்லுகது?”

மனைவி சிரிப்பு தாங்காமல் மகளின் தோளைப் பிடித்தாள். மகள் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். கட்டத்தைப் பார்க்க மறந்து நான் அமுக்கிவிட்டேன்.

படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மகளின் முகம் பாதிதான் தெரிந்தது. ஓரத்தில் மாப்பிள்ளையின் முழங்கை. மறுநாள் அவர்கள் போனார்கள். முழங்கையை வெட்டித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி, மனைவி அப்படியே தன் போனில் வைத்துக்கொண்டாள்.